வேர்ட் அறிக்கையில் அத்தனை போட்டோவையும் ஒரே தடவையில் அளவாக்குவது

திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் ஒரு கொமினிகேஷன் கடையில் டைப்பிங், பிரின்ட் வேலை பார்க்கிறேன். ஆண்டு முடிவு நெருங்கினால் எங்கள் மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் படம் போட்ட அறிக்கைகள்தான். குச்சவெளியிலிருந்து கிணறு திருத்திய அறிக்கை, வெருகலிலிருந்து வெள்ள நிவாரண அறிக்கை, தம்பலகாமத்திலிருந்து வாய்க்கால் துப்புரவாக்கிய சிரமதான அறிக்கை, மூதூரிலிருந்து மாதர் சங்கத்தின் தையல் பயிற்சி அறிக்கை. எழுத்து நாலு பக்கம் இருந்தால் போட்டோ முப்பது பக்கம் இருக்கும். கொண்டு வருகிறவர் பென்டிரைவை நீட்டும்போதே சொல்லிவிடுவார்: "தங்கச்சி, படமெல்லாம் பெரிசும் சின்னனுமாக் கிடக்கு. ஒரு அளவாக்கித் தாங்க."

கேட்கச் சின்ன வேலை. ஒவ்வொரு போட்டோவாகக் கிளிக் செய்து, மூலையைப் பிடித்து இழுத்து, பக்கத்துப் படத்தோடு கண்ணால் ஒப்பிட்டு அடுத்ததற்குப் போனால் ஒரு மத்தியானம் போய்விடும். மூதூர்க்காரர் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று வாசலைப் பார்த்தபடி இருப்பார். அதைவிட முக்கியமான விசயம், இந்தப் படங்கள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. கிணற்றுக் கட்டு முன்னால் எப்படி வெடித்துக் கிடந்தது, இப்போது எப்படி நிற்கிறது என்பதற்கு அந்தப் போட்டோதான் சாட்சி. பிரதேச செயலகத்திலோ, பணம் கொடுத்த நிறுவனத்திலோ ஒருவர் அதைப் பார்த்து நம்பினால்தான் அடுத்த கட்டப் பணம் நகரும். ஆகவே ஒரு அளவாக்குவது என்றால் எல்லாவற்றையும் ஒரே சதுரத்துக்குள் அமுக்கிவிடுவது என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. காட்ட வந்தது தெளிவாகத் தெரிய வேண்டும், ஆட்களின் முகம் இழுபடக்கூடாது, பக்கமும் ஒழுங்காக நிற்க வேண்டும். மைக்ரோசொஃப்ட் வேர்டில் இதைக் கூட்டமாகச் செய்ய வழி இருக்கிறது. எந்த வழி சரிவரும் என்பது படம் ஆவணத்துக்குள் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

படம் எந்த வகை என்று முதலில் பாருங்கள்

வேர்டில் படம் இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, வரிக்குள் ஓர் எழுத்து மாதிரியே இருப்பது. மெனுவில் 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' என்று இருக்கும். நீங்கள் எந்த செட்டிங்கையும் மாற்றாமல் இன்சேர்ட் வழியாகப் படம் சேர்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் வரும். மேலே ஒரு வரி கூடினால் படமும் ஒரு வரி கீழே இறங்கும். மேலே அழித்தால் ஏறும். மற்றது மிதக்கும் படம். 'ஸ்குவெயார்', 'டைட்', 'பிஹைண்ட் டெக்ஸ்ட்' என்று தெரிவு செய்யப்பட்டவை எல்லாம் இந்தக் கூட்டம். அவை ஏதாவது ஒரு பந்தியோடு நங்கூரம் போட்டு நிற்கும். கிளிக் செய்தால் அந்தப் பந்தியின் ஓரத்தில் சின்ன நங்கூரக் குறி தெரியும்.

எது எது என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு படத்தைக் கிளிக் செய்யுங்கள். கொன்ட்ரோல் விசையை அழுத்தியபடி அடுத்ததைக் கிளிக் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து பிடிபட்டால் அவை மிதக்கும் படங்கள். இரண்டாவது பிடிபட மறுத்தால் வரிக்குள் இருக்கும் படம்.

மிதக்கும் படங்களுக்கு வேலை சுகம். கொன்ட்ரோலை விடாமல் வேண்டியதை எல்லாம் கிளிக் செய்து சேர்த்து, மேலே 'பிக்சர் ஃபோர்மட்' பட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் அகலப் பெட்டியில் 7.5 என்று அடித்து என்டர் தட்டினால் அத்தனையும் ஒன்றாக மாறும். படங்கள் ஒன்றுக்குப் பின் ஒன்று மறைந்து கிடந்தால் ஆல்ட்டும் எஃப் 10உம் சேர்த்து அழுத்துங்கள். வலது பக்கம் 'செலக்ஷன் பேன்' திறக்கும். அதில் பெயர்ப் பட்டியலிலேயே தெரிவு செய்யலாம்.

இதைப் பார்த்துவிட்டு, வரிக்குள் இருக்கும் படங்களை எல்லாம் மிதக்கும் வகைக்கு மாற்றி, பிறகு சேர்த்துப் பிடித்து அளவாக்குங்கள் என்று பலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் அப்படிச் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த நேரத்துக்கு அளவு சரிவரும். அடுத்த நாள் செயலாளர் தொலைபேசி எடுத்து, "தங்கச்சி, முன்னுக்கு நன்றியுரை ஒன்று சேர்க்க வேணும்" என்பார். ஒரு பந்தி கூடியதும் எட்டாம் பக்கத்துப் படம் தன் தலைப்பை விட்டு ஒன்பதாம் பக்கத்துக்குப் போய்விடும். இரண்டு படங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். 'முன்' என்று எழுதிய இடத்தில் 'பின்' படம் வந்தால் அந்த அறிக்கையின் அர்த்தமே தலைகீழாகிவிடும். போட்டோ கூடிய அறிக்கைக்கு வரிக்குள் இருக்கும் படம்தான் பாதுகாப்பு.

எஃப் 4

வரிக்குள் இருக்கும் படங்கள் பத்துப் பதினைந்துக்குள் என்றால் எஃப் 4 போதும். கடைசியாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்கிற விசை அது. முதல் படத்தின் அகலத்தைப் பெட்டியில் அடித்து மாற்றுங்கள். வேறு எதையும் தொடாமல் அடுத்த படத்தைக் கிளிக் செய்து எஃப் 4 அழுத்துங்கள். அடுத்தது, எஃப் 4. மடிக்கணினிகளில் அந்த விசைக்கு வெளிச்சம் அல்லது சத்தம் கூட்டுகிற வேலையும் கொடுத்திருப்பார்கள். அப்படியென்றால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். கொன்ட்ரோலும் வையும் அழுத்தினாலும் இதே பலன்தான். இடையில் ஒரு எழுத்து அடித்தாலும் எஃப் 4 அந்த எழுத்தைத்தான் திரும்ப அடிக்கும். ஆகவே ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள்.

இழுபட்ட முகங்கள்

அறிக்கை எங்களிடம் வருமுன் யாரோ ஒருவர் படங்களைக் கையால் சரி செய்யப் பார்த்திருப்பார். மூலையைப் பிடித்து இழுத்தால் பிரச்சினை இல்லை. பக்கவாட்டு நடுப்புள்ளியைப் பிடித்து இழுத்தால் ஆள் குண்டாகிவிடும். மேல் நடுப்புள்ளியைப் பிடித்தால் நெட்டையாகிவிடும். இது வந்த பிறகு அளவை மட்டும் மாற்றினால் போதாது. விகிதத்தைப் பூட்டும் 'லொக் அஸ்பெக்ட் ரேஷியோ' என்ற தெரிவு, படம் இப்போது எந்த விகிதத்தில் இருக்கிறதோ அதைத்தான் காப்பாற்றும். இழுபட்ட முகத்தை இழுபட்டபடியே சின்னதாக்கித் தரும். பலருக்கு இது தெரிவதில்லை.

கண்டுபிடிக்கும் வழி இது. படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'சைஸ் அண்ட் பொசிஷன்' திறந்து, சைஸ் என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே 'ஸ்கேல்' என்ற இடத்தில் உயரம் எத்தனை வீதம், அகலம் எத்தனை வீதம் என்று இருக்கும். மூதூர் மாதர் சங்க அறிக்கையில் தையல் மெஷினைப் பெற்றுக்கொண்டு நின்ற ஒரு அக்காவின் படத்தில் உயரம் 31 வீதம், அகலம் 47 வீதம் என்று இருந்தது. இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் படம் இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். பூட்டை எடுத்துவிட்டு இரண்டையும் 31 ஆக்கினதும் அவரது முகம் அவரது முகமாக வந்தது. பூட்டைத் திரும்பப் போட்டு, பிறகு வேண்டிய அகலத்தைக் கொடுத்தேன். அந்த அறிக்கையின் ஒரு பிரதி சங்கத்து அலுமாரியில் இருக்கும். வருசக்கணக்காக ஆட்கள் எடுத்துப் பார்ப்பார்கள். அவரது பிள்ளைகளும் பார்ப்பார்கள். இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மேக்ரோ என்றால் பயப்பட வேண்டாம்

படம் நாற்பது, ஐம்பது, நூறு என்று போனால் மேக்ரோதான் வழி. மேக்ரோ என்பது வேர்டுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன வேலை உத்தரவு. ஆல்ட்டும் எஃப் 11உம் அழுத்தினால் அதை எழுதுகிற திரை வரும். இன்சேர்ட்டில் 'மொடியூல்' ஒன்றைச் சேர்த்து அங்கே எழுதி, எஃப் 5 அழுத்தினால் ஓடும். நிரல் எழுதத் தெரிந்த தம்பி ஒருவரிடமோ செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடமோ கேட்டு எழுதுவித்துக்கொள்ளலாம். ஆனால் என்ன கேட்பது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். "எல்லாப் படத்தின் அகலத்தையும் 8 சென்டிமீட்டர் ஆக்கு" என்று மட்டும் கேட்டால் கிடைப்பது அரைகுறை வேலைதான்.

நான் பாவிக்கும் உத்தரவின் ஒழுங்கைச் சொல்கிறேன். ஆவணத்தில் வரிக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் எடுக்க வேண்டும். அது உண்மையில் படம்தானா என்று பார்க்க வேண்டும். எக்ஸெலிலிருந்து ஒட்டிய வரைபடங்களையும் வேர்ட் இதே கூட்டத்தில்தான் வைத்திருக்கும், அவற்றைத் தொடக்கூடாது. படமென்றால் விகிதப் பூட்டைத் திறந்து, உயரம் அகலம் இரண்டின் ஸ்கேலையும் 100 வீதத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முன்னால் சொன்ன இழுவை எல்லாம் இந்த இடத்தில் நிமிர்ந்துவிடும். அதன் பிறகு அகலத்தையும் உயரத்தையும் ஒப்பிட வேண்டும். அகலம் கூட என்றால் அது கிடைப்படம்: அகலத்தை 8 சென்டிமீட்டர் ஆக்கி, உயரத்தைப் பழைய விகிதப்படி கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். உயரம் கூட என்றால் நிலைப்படம்: உயரத்தை 6 சென்டிமீட்டராக வைத்து அகலத்தைக் கணக்கிட வேண்டும். கடைசியில் பூட்டைத் திரும்பப் போட வேண்டும்.

இந்த 8, 6 என்ற எண்களுக்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான போன்களில் கமெரா சாதாரணமாக 4க்கு 3 என்ற விகிதத்தில்தான் எடுக்கிறது. கிடையாக எடுத்த படம் 8 சென்டிமீட்டர் அகலமென்றால் 6 சென்டிமீட்டர் உயரம் வரும். எல்லாவற்றுக்கும் அகலம் 8 என்று கொடுத்தால் நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் ஏறக்குறைய 10.7 சென்டிமீட்டர் உயரத்துக்கு வளர்ந்து பக்கத்தையே அடைத்துக்கொள்ளும். உயரத்தை ஒன்றாக்கினால் ஒரே வரியில் கிடைப்படமும் நிலைப்படமும் பக்கத்தில் பக்கத்தில் ஒழுங்காக நிற்கும். கண் ஒழுங்கைப் பிடிப்பது உயரத்தில்தான்.

வேர்ட் உள்ளுக்குள் சென்டிமீட்டரில் கணக்குப் பார்ப்பதில்லை, பொயின்ட்டில் பார்க்கிறது. ஒரு அங்குலத்துக்கு 72 பொயின்ட். 8 சென்டிமீட்டர் என்றால் சுமார் 227 பொயின்ட். யாராவது எழுதித் தந்த மேக்ரோவில் வெறுமனே 8 என்று போட்டிருந்தால் அத்தனை போட்டோவும் கடுகு அளவுக்குச் சுருங்கிவிடும். சென்டிமீட்டரைப் பொயின்ட்டாக மாற்றுகிற கட்டளை அதற்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைப்பக்கத்தில் சங்கத்தின் இலச்சினை இருக்கும். கடைசிப் பக்கத்தில் தலைவரின் கையொப்பத்தை ஸ்கேன் செய்து வைத்திருப்பார்கள். மேக்ரோ அவற்றையும் படமாகத்தான் எடுத்து ஊதிவிடும். ஹெடர், ஃபுட்டருக்குள் இருப்பவற்றை இந்த உத்தரவு தொடாது. ஆவணத்தின் உடலுக்குள் இருப்பவைதான் மாறும். ஆகவே ஆவணம் முழுவதும் என்பதற்குப் பதிலாக, நான் தெரிவு செய்த பகுதிக்குள் இருக்கும் படங்கள் மட்டும் என்று எழுதச் சொல்லுங்கள். போட்டோ தொடங்கும் பக்கத்திலிருந்து முடியும் பக்கம் வரை தெரிவு செய்து ஓட்டினால் இலச்சினைக்கும் கையொப்பத்துக்கும் ஒன்றும் ஆகாது. ஓட்டுமுன் கோப்பில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். மேக்ரோ செய்ததை அன்டூ செய்து திரும்பப் போவது படிப்படியாக இழுபடும் வேலை.

அந்த உத்தரவை வாடிக்கையாளரின் கோப்புக்குள் சேமிக்காதீர்கள். உங்கள் கணினியின் 'நோர்மல்' டெம்ப்ளேட்டுக்குள் வைத்தால் எந்தக் கோப்புக்கும் பாவிக்கலாம், அவர்களின் ஆவணமும் சாதாரண ஆவணமாகவே போகும். மேக்ரோ உள்ள கோப்பைப் பார்த்தால் அலுவலகங்கள் தயங்குவது நியாயம்தான், வைரஸ் அந்த வழியாகத்தான் நிறைய வந்தது. 2022 முதல் இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளில் உள்ள மேக்ரோக்களை மைக்ரோசொஃப்ட் தானாகவே தடுக்கிறது. முகம் தெரியாதவரிடமிருந்து வந்த கோப்பில் அந்தத் தடையை எடுத்துவிட வேண்டாம்.

படம் கீற்றாகத் தெரிந்தால்

அளவு சரி, ஆனால் படத்தில் ஒரு மெல்லிய கீற்று மட்டும் தெரிகிறது, மற்றது எங்கே போனது என்று தெரியவில்லை என்று அடிக்கடி வருவார்கள். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக அடிக்கத் தொடங்கினவர்களும் உண்டு. படம் எங்கும் போகவில்லை. அந்தப் பந்தியின் வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்று இருக்கிறது. வரிக்குள் இருக்கும் படம் எழுத்து மாதிரி என்று சொன்னேன் அல்லவா, வரியின் உயரம் 18 பொயின்ட் என்று இறுக்கிக் கட்டினால் அந்த 18 பொயின்ட்டுக்குள் அடங்குவதுதான் தெரியும். தமிழ் ஆவணங்களில் இது கூட வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. யூனிகோட் தமிழ் எழுத்துருக்கள் சில வரிக்கு வரி நிறைய இடம் எடுக்கும். தமிழும் ஆங்கிலமும் கலந்தால் இடைவெளி ஏறியும் இறங்கியும் இருக்கும். அதைச் சமப்படுத்த ஆவணம் முழுவதற்கும் 'எக்ஸாக்ட்லி' போட்டுவிடுவார்கள். எழுத்துக்கு அது இருக்கட்டும். படம் உள்ள பந்திகளுக்கு மட்டும் இடைவெளியை 'சிங்கிள்' ஆக்குங்கள்.

அதையும் ஒவ்வொன்றாகச் செய்யத் தேவையில்லை. கொன்ட்ரோலும் எச்சும் அழுத்தி மாற்றீட்டுப் பெட்டியைத் திறந்து, 'மோர்' அழுத்தி, தேடும் இடத்தில் நின்றுகொண்டு 'ஸ்பெஷல்' பட்டியலில் 'கிராஃபிக்' என்பதை எடுங்கள். மாற்றும் இடத்தில் நின்றுகொண்டு அதே பட்டியலில் 'ஃபைண்ட் வொட் டெக்ஸ்ட்' எடுங்கள்; தேடிக் கிடைத்ததையே திரும்ப வை என்று இதற்கு அர்த்தம். பிறகு கீழே 'ஃபோர்மட்', 'பரகிராஃப்' போய் நடுவில் நிறுத்து, இடைவெளி சிங்கிள், 'கீப் வித் நெக்ஸ்ட்' மூன்றையும் கொடுத்து எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். வரிக்குள் இருக்கும் படங்கள் அத்தனையும் நடுவுக்கு வரும், முழுசாகத் தெரியும், கீழே உள்ள விளக்க வரியை விட்டுப் பிரிந்து அடுத்த பக்கம் போகாது. வேர்டில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இது.

படம் சேர்க்குமுன் செய்யக்கூடியது

இவ்வளவும் ஏற்கனவே சேர்த்துக் குழம்பிய அறிக்கைக்கு. போட்டோக்கள் தனியாகவும் எழுத்து தனியாகவும் வந்தால் வேலை பாதியாகக் குறையும். கிண்ணியாவிலிருந்து வரும் நானா ஒருவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு அவர் போட்டோக்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் 01, 02 என்று பெயரும் வைத்து, விளக்கத்தைத் தாளில் எழுதிக் கொண்டு வருகிறார். அவருடைய வேலை தேநீர் குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

வரிக்குள் சேர்க்கும் பெரிய படத்தை வேர்ட் தானாகவே இருக்கிற அகலத்துக்குள் அடக்கிவிடும். இதை நமக்குச் சாதகமாகப் பாவிக்கலாம். ஏ4 தாள் 21 சென்டிமீட்டர் அகலம். இரண்டு பக்கமும் 2.54 ஓரம் விட்டால் எழுத்துக்கு 15.92 மிஞ்சும். போட்டோப் பகுதியை மட்டும் 'லேஅவுட்' பட்டியில் 'கொலம்ஸ்' போய் இரண்டு நிரலாக்குங்கள். நடுவில் 1.27 இடைவெளி போக ஒரு நிரல் 7.32 சென்டிமீட்டர். இப்போது இன்சேர்ட்டில் 'பிக்சர்ஸ்' போய் ஃபோல்டரைத் திறந்து, கொன்ட்ரோலும் ஏயும் அழுத்தி எல்லாவற்றையும் ஒரே தடவையில் சேர்த்துவிடுங்கள். அத்தனையும் 7.32 அகலத்தில் வந்து நிற்கும். ஒன்றைக்கூட இழுக்கத் தேவையில்லை. சேர்ந்த வரிசையை விளக்கத் தாளோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

'முன்', 'பின்' என்று சோடியாகக் காட்ட வேண்டிய அறிக்கைக்கு இரண்டு நிரல் அட்டவணைதான் நல்லது. இடது பக்கம் உடைந்த கட்டு, வலது பக்கம் திருத்திய கட்டு, கீழே கிராம அலுவலர் பிரிவும் திகதியும். அட்டவணையின் 'புரொப்பர்ட்டீஸ்' போய் 'ஒப்ஷன்ஸ்' திறந்து, உள்ளே வருவதற்கேற்ப அட்டவணை தானாகப் பெரிதாகும் தெரிவை எடுத்துவிடுங்கள். அதை எடுக்காவிட்டால் பெரிய போட்டோ தன் பக்கத்து நிரலைத் தள்ளிவிட்டு இடம் பிடித்துக்கொள்ளும். எடுத்துவிட்டால் ஒவ்வொரு படமும் தன் கட்டத்துக்குள் அடங்கும். 15.92இல் பாதி 7.96, அதில் கட்டத்தின் உள் ஓரம் இரண்டு பக்கமும் 0.19 சென்டிமீட்டர் போக படம் 7.58 அளவில் வரும். ஆனால் அட்டவணையில் ஒரு கட்டத்துக்கு ஒரு படமாகத்தான் சேர்க்க வேண்டும். பத்தைத் தெரிவு செய்தால் பத்தும் ஒரே கட்டத்துக்குள் போய்விடும்.

பாரம் குறையவில்லையே

பக்கத்தில் சின்னதாகத் தெரிகிற படம் கோப்புக்குள்ளும் சின்னது என்று நினைக்க வேண்டாம். 4000க்கு 3000 பிக்சலில் எடுத்த போட்டோவை 7.5 சென்டிமீட்டராக்கினாலும் வேர்டின் செட்டிங்கைப் பொறுத்து அந்தப் பன்னிரண்டு மில்லியன் புள்ளியும் உள்ளேயே இருக்கலாம். வெட்டி எறிந்த ஓரமும் போகாது. அப்படி ஐம்பது படம் சேர்ந்தால் கோப்பு நூறு எம்பியைத் தாண்டலாம். ஜீமெயிலில் இணைப்பாக அனுப்பக்கூடியது 25 எம்பிதான். கடைசி நாள் பின்னேரம், அறிக்கை எல்லாம் சரி, மின்னஞ்சல் போகவில்லை என்று ஆட்கள் தவித்து நிற்பதற்கு அனேகமாக இதுதான் காரணம்.

ஒரு படத்தைக் கிளிக் செய்து 'பிக்சர் ஃபோர்மட்' பட்டியில் 'கொம்பிரஸ் பிக்சர்ஸ்' அழுத்துங்கள். 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற தெரிவில் இருக்கும் சரியை எடுத்துவிடுங்கள். வெட்டிய பகுதிகளை அழிக்கும் தெரிவு இருக்கட்டும். அடர்த்தி, அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது, 220 என்று கொடுத்தால் அச்சுக்கு நன்றாக இருக்கும், 150 என்றால் திரையில் பார்க்கப் போதும். 7.5 சென்டிமீட்டர் அகலப் படத்துக்கு 220 என்றால் சுமார் 650 பிக்சல், 150 என்றால் சுமார் 440 பிக்சல். பெயர்ப்பலகை, கிணற்றின் சுவரில் எழுதிய தொடரிலக்கம், தராசின் முள் போன்றவை வாசிக்கப்பட வேண்டிய படங்கள் இருந்தால் 150க்குப் போகாதீர்கள். சேமித்து மூடினால் போன புள்ளி திரும்பி வராது. அளவாக்குவதை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் இதைச் செய்ய வேண்டும். முதலில் அமுக்கிவிட்டு, பிறகு தலைவர் அந்தப் படத்தை முழுப்பக்கத்துக்குப் போடுங்கள் என்றால் புள்ளி புள்ளியாகத்தான் வரும்.

சேர்க்குமுன்னே குறைக்க விரும்பினால் மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டொய்ஸ் தொகுப்பில் 'இமேஜ் ரீசைசர்' இருக்கிறது. ஃபோல்டரில் எல்லாப் போட்டோவையும் தெரிவு செய்து வலது கிளிக் செய்தால் அது வரும். 1200க்கு 1200, 'ஃபிட்' என்று கொடுத்தால் நீளப்பக்கம் 1200 பிக்சலுக்கு வரும், விகிதம் கெடாது, மூலப் படத்தையும் தொடாமல் பக்கத்தில் பிரதிகளை வைக்கும். லிப்ரே ஒஃபிஸ், கூகுள் டொக்ஸ் பாவிக்கும் பாடசாலைகளுக்கும் இதையே சொல்கிறேன். அளவாகச் சேர்த்துவிட்டால் எந்த மென்பொருளிலும் கஷ்டமில்லை.

போட்டோ எங்கள் கைக்கு வரும் வழியும் முக்கியம். களத்திலிருந்து வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தை நன்றாக அமுக்கி, எடுத்த நேரம், இடம் பற்றிய உள் விவரத்தையும் நீக்கிவிடும். நீங்கள் எடுத்த தேதிக்கு அந்த விவரம்தான் ஆதாரம். இணைப்புக் குறியில் 'டொக்கியுமென்ட்' வழியாக அனுப்பினால் மூலப்படம் அப்படியே வரும். களத்துக்குப் போகிற தம்பி, தங்கச்சிமாருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: 'முன்', 'பின்' இரண்டையும் ஒரே இடத்தில் நின்று, போனை ஒரே மாதிரி கிடையாகப் பிடித்து எடுக்க வேண்டும். ஒன்று கிடையாகவும் மற்றது நிமிர்த்தியும் இருந்தால் எந்த மேக்ரோவாலும் அவற்றைச் சோடியாக்க முடியாது. கட்டின் வெடிப்பைத் தூரத்திலிருந்து ஒன்றும் கிட்டப் போய் ஒன்றுமாக எடுக்கட்டும். 8 சென்டிமீட்டருக்குள் வெடிப்பு தெரிய வேண்டுமே.

முடித்ததும் பிடிஎஃப் ஆக்கும்போது 'மினிமம் சைஸ்' என்பதைத் தெரிவு செய்யாமல் 'ஸ்டாண்டர்ட்' என்பதையே வையுங்கள். படம் கூடிய ஒரு பக்கத்தை மட்டும் கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்து, அதைப் போட்டோகொப்பி மெஷினிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அலுவலகங்களில் கைக்குக் கை போவது அனேகமாக அந்தக் கொப்பிதான். நிழலில் எடுத்த முகமும் ஈரச் சீமெந்தும் அதில் கறுத்துப் போகும். அப்படிக் கறுக்கிற படங்களைத் தெரிவு செய்து 'கரெக்ஷன்ஸ்' போய் வெளிச்சத்தை 20 வீதம் கூட்டிவிட்டு, பிறகு மொத்தப் பிரதிகளையும் எடுங்கள்.